நீரடிக் கேமராவின் மிதப்பு: வேலூரில் ட்ரம்மில் சரிசெய்து கடலுக்கு எடுத்துப்போவது எப்படி

வேலூர்ப் பக்கத்திலிருந்து டைவிங் போகிறவர்களுக்குக் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆரணி, சேத்துப்பட்டு, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேரவே கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகிவிடும். போனால் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு டைவ். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் நீடித்தால் அதிகம். அந்த நேரத்தில் பாதியைக் கேமராவோடு மல்லுக்கட்டிக் கழிப்பது பெரிய நஷ்டம். கேமராவின் மிதப்பைக் கடலில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு தண்ணீர் ட்ரம், ஒரு தொங்கு தராசு, கொஞ்சம் கூட்டல் கழித்தல் இருந்தால் முக்கால்வாசி வேலை வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.

இரண்டு ஸ்ட்ரோப் (நீரடி ஃபிளாஷ் விளக்கு) மாட்டிய அலுமினிய ஹவுசிங் (கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டி) செட் கடலுக்குள் ஒரு கிலோவுக்கு மேல் கனப்பது சாதாரணம். கரையில் ஒரு கிலோ பெரிய எடை அல்ல. ஆனால் தண்ணீருக்குள் அதைக் கையை நீட்டி, மணிக்கட்டை அசைக்காமல், முகத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கை தளரும், லென்ஸ் கீழே சாயும். அதை ஈடுகட்ட உடம்பு தானாகத் துடுப்பை அடிக்கும், அடித்தால் மணல் கிளம்பும், படம் போச்சு. பக்கத்தில் பவளம் இருந்தால் அதுவும் போச்சு. தலைகீழான தொல்லையும் உண்டு. கேமரா மேலே இழுத்தால் அதை அமுக்கிப் பிடிப்பதிலேயே தோள்பட்டை இறுகிவிடும். கை நழுவினால் நேராக மேல்மட்டத்துக்குப் போய் அலையோடு நகர்ந்துவிடும்.

எவ்வளவு கனம் இருக்க வேண்டும்

கடலுக்குள் செட் முழுவதும் சேர்ந்து 100 முதல் 200 கிராம் கனத்தால் போதும். பெரும்பாலான படங்களுக்கு 150 கிராம் நல்ல இலக்கு. வீடியோ எடுப்பவர்கள் 50 முதல் 100 கிராம் வரை இறக்கிக்கொள்ளலாம். கை நடுக்கம் படத்தில் தெரியாது. மணலுக்குப் பக்கத்தில் சின்ன உயிரினங்களை எடுக்கும் மேக்ரோ வேலைக்கு 200 முதல் 300 கிராம் வரை கனமே நல்லது. வெறும் மணலில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். டைவிங்கில் புதியவர்களுக்கும் அந்தக் கனமே ஏற்றது.

சரியாக பூஜ்யத்தில் நிறுத்த ஆசைப்படாதீர்கள். கடல்நீரின் அடர்த்தி இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். பூஜ்யத்தில் நிற்கும் செட் ஒரு நாள் மேலே போகும், இன்னொரு நாள் கீழே போகும். கீழே போன கேமராவை அடியில் தேடி எடுக்கலாம். மேலே போவதைப் பிடிக்கத் துரத்துகிறவர் ஏறும் வேகத்தின் வரம்பை மீறிவிடுவார். அது நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் ஆபத்து. விட்டால் கேமரா எப்போதும் கீழே இறங்குவதாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ட்ரம் தண்ணீருக்கும் கடல்நீருக்கும் உள்ள வித்தியாசம்

ஒரு பொருள் எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்குகிறதோ, அத்தனை லிட்டர் தண்ணீரின் எடையளவு அதைத் தண்ணீர் மேலே தூக்கும். கடல்நீர் நம் குழாய்த் தண்ணீரைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் கனம். ஆகவே ஐந்து லிட்டர் இடத்தை அடைக்கும் செட், வேலூர் ட்ரம்மில் காட்டிய எடையைவிட வங்கக் கடலில் 125 கிராம் குறைவாகக் கனக்கும். நீச்சல் குளத்தில் அருமையாக நிற்கும் செட் கடலில் மேலே ஓடுவதற்குக் காரணம் இதுதான். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கரையோரக் கடலில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். அப்போது இந்த வித்தியாசமும் சில கிராம் குறையும். அதற்காகக் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. இலக்கை 150-இல் வைப்பதே இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் விடத்தான்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே, கணக்கு தப்புமா என்று கேட்பார்கள். தப்பாது. லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு கரைந்திருந்தாலும் வித்தியாசம் லிட்டருக்கு ஒன்றரைக் கிராம்தான். ஐந்து லிட்டர் செட்டுக்கு ஏழெட்டுக் கிராம். தராசின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரை ஹவுசிங்கில் காயவிடாதீர்கள். போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் ஜன்னல்) கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும், ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் பொருக்கு சேரும். வேலை முடிந்ததும் ஆர்.ஓ. தண்ணீரால் ஒரு முறை அலசித் துடையுங்கள்.

எடை போடும் முறை

வேண்டியவை: 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம், அல்லது ஸ்ட்ரோப் மாட்டும் கைகளை விரித்த நிலையில் செட் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சின்டெக்ஸ் தொட்டி, 5 அல்லது 10 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தொங்கு தராசு (பயணப்பெட்டி எடை பார்ப்பதே போதும்), மெல்லிய நைலான் கயிறு, நோட்டும் பேனாவும்.

முதலில் ஹவுசிங்கைக் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதம் மட்டும் வைத்து மூடி, அரை மணி நேரம் ட்ரம்மில் அமுக்கி வைத்துப் பாருங்கள். காலி ஹவுசிங் மிதக்கும், மேலே எடை வைக்க வேண்டும். காகிதம் காய்ந்தே இருந்தால் மட்டும் கேமராவை உள்ளே வையுங்கள். பிறகு கடலில் எப்படிக் கொண்டுபோவீர்களோ அப்படியே எல்லாம் மாட்டுங்கள்: பேட்டரி, கார்டு, லென்ஸ், போர்ட், ஸ்ட்ரோப், விளக்கு, கேபிள், கயிறு, கிளிப். ஒன்றை விட்டுவிட்டால் எடை போட்டதே வீண்.

வெளியே தொங்கவிட்டு எடையை எழுதுங்கள். பிறகு மெதுவாகத் தண்ணீரில் இறக்கி, முன்னும் பின்னும் புரட்டி, பட்டன்களுக்கு அடியிலும் ட்ரேயின் (ஹவுசிங் உட்காரும் தட்டு) கீழ்ப்பக்கத்திலும் கிளாம்ப் (கைகளை இணைக்கும் பிடிப்பு) இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும் குமிழிகளை உதிர்த்துவிடுங்கள். நியோப்ரின் (ரப்பர் நுரை) உறை இருந்தால் பிழிந்து நனையுங்கள். அதற்குள் தங்கும் காற்று ஏமாற்றும். பத்து நிமிடம் ஊறிய பிறகு, ட்ரம் சுவரில் படாமல் தொங்கவிட்டு எடையைப் படியுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. வெளியே 6.20 கிலோ, தண்ணீரில் 1.20 கிலோ. இரண்டின் வித்தியாசம் 5.0, அதாவது செட் ஐந்து லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. கடலில் இதன் கனம் 1.20-லிருந்து 125 கிராம் போக 1.075 கிலோ. இதை 150 கிராமுக்கு இறக்க வேண்டும். மிதவைகளும் இடத்தை அடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. 1.8 லிட்டர் அடைக்கும் மிதவைகளைச் சேர்த்தால் மொத்தம் 6.8 லிட்டர், அதற்கு 170 கிராம் கடல் வித்தியாசம். ஆக, ட்ரம்மில் தராசு 320 கிராம் காட்டும்வரை மிதவை சேர்த்தால், கடலில் அதே செட் 150 கிராம் கனக்கும். அந்த 320 உங்கள் ட்ரம் எண். அதைப் பெரிதாக எழுதிவையுங்கள்.

செட் மிதந்து தராசு பூஜ்யம் காட்டினால் (பாலிகார்பனேட் ஹவுசிங்கில் சிறிய கேமரா வைத்தால் இப்படி ஆகலாம்), ஈயத்தை அடியில் கட்டி மூழ்கவைத்து எடை போடுங்கள். ஈயம் தண்ணீருக்குள் நூற்றுக்கு 91 கிராம்தான் கனக்கும். அதைத் தராசு காட்டிய எண்ணிலிருந்து கழித்தால் கழிக்குறியோடு ஒரு எண் வரும். அதுவே செட்டின் மிதப்பு.

இன்னொன்றும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஹவுசிங்குக்குள் மாற்றும் எதுவும் அதன் கொள்ளளவை மாற்றாது. 300 கிராம் கூடுதலான லென்ஸை உள்ளே வைத்தால் தண்ணீரிலும் முழுசாக 300 கிராம் கனம் கூடும். வெளியே மாட்டும் பொருள் தானும் தண்ணீரை விலக்குவதால் அதன் எடை முழுசாக ஏறாது. ஆகவே லென்ஸும் போர்ட்டும் மாறும்போதெல்லாம் தனித்தனியாக எடை போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதிக்கொள்ளுங்கள்.

மிதவைகள்: எது ஆகும், எது ஆகாது

நீரடிக் கேமராவுக்கென்றே விற்கும் உள்ளீடற்ற கார்பன் அல்லது அலுமினிய மிதவைக் கைகள் நல்லவை; எவ்வளவு தூக்கும் என்றும் எவ்வளவு ஆழம் தாங்கும் என்றும் அட்டையில் எழுதியிருக்கும். விலைதான் அதிகம். ஹார்டுவேர் கடைப் பொருளிலேயே நல்ல மிதவை செய்யலாம்.

பி.வி.சி. குழாய் மிதவைக்கு 10 கிலோ அழுத்தம் தாங்கும் குழாயை வாங்குங்கள். மெல்லிய கழிவுநீர்க் குழாய் வேண்டாம். 18 மீட்டர் ஆழத்தில் வெளியிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு 1.8 கிலோ, 30 மீட்டரில் 3 கிலோ நசுக்கும். குழாயின் மேல் அச்சிட்ட எண் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கானது. வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை மெல்லிய சுவர் தாங்காமல் உட்குழியும். 50 மி.மீ. குழாயில் 20 செ.மீ. துண்டும் இரண்டு பக்கமும் எண்ட் கேப்பும் சேர்ந்து சுமார் 220 கிராம் தூக்கும். மேலே சொன்ன செட்டுக்கு இப்படி நாலு போதும். 40 மி.மீ. குழாயானால் அதே நீளத்துக்கு 150 கிராம் அளவில்தான் தூக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சுவர்த் தடிமன் மாறும், ஆகவே செய்து முடித்ததும் ஒவ்வொன்றையும் எடை போட்டு, அது தூக்கும் கிராமை அதன் மேலேயே பெர்மனன்ட் மார்க்கரால் எழுதுங்கள்.

ஒட்டுவதில் பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்று உண்டு. முதல் மூடியைச் சால்வென்ட் சிமெண்ட் தடவி மாட்டுவது எளிது. இரண்டாவது மூடியை அழுத்தும்போது உள்ளே அடைபட்ட காற்று அதை வெளியே தள்ளும். மூடி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து, ஈரச் சிமெண்டில் மெல்லிய வழி ஒன்று உண்டாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, 15 மீட்டரில் தண்ணீர் உள்ளே போகும். இரண்டாவது மூடியின் நடுவில் முன்கூட்டியே ஒரு மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் காயட்டும். பிறகு துளையை எபாக்சி பசையால் அடைத்து இன்னொரு நாள் விடுங்கள். ஒட்டும் இடங்களை மணல்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்திருக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் இந்தக் குழாய்களை விடாதீர்கள். வேலூர் வெயிலில் காருக்குள் சூடு ஏறினால் பி.வி.சி. இளகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், ஒட்டு தளரும். ஈரத்துணி சுற்றிய பையில் நிழலில் கொண்டுபோங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் செருப்பு, ஷூ செய்யும் பொருள் விற்கும் கடைகளில் ஈ.வி.ஏ. ஷீட் கிடைக்கும். மூடிய குமிழிகள் கொண்ட நுரை அது; தண்ணீர் குடிக்காது, எடையும் மிகக் குறைவு. பி.வி.சி. குழாய் நாலும் கரையில் தூக்கிப்போகும் சுமையில் முக்கால் கிலோவுக்கு மேல் சேர்க்கும். அதே தூக்குவிசையை ஈ.வி.ஏ. அதில் ஒரு சிறு பங்கு எடையில் தந்துவிடும். ஷீட்டை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, கேமராக் கைகளில் கோத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா ஈ.வி.ஏ.வும் ஒன்றல்ல. வீட்டுச் செருப்பில் வரும் மெத்தென்ற நுரை ஆழத்தில் சுருங்கும். சுருங்கினால் தூக்குவிசை குறையும். கேமரா மேலே லேசாகவும் கீழே கனமாகவும் இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத கெட்டி ரகத்தையே கேளுங்கள்.

சுருங்குகிறதா என்பதை இங்கேயே கண்டுபிடிக்கலாம். வட ஆற்காட்டுப் பாறைநிலத்தில் பாசனக் கிணறுகளுக்குக் குறைவில்லை; மழைக்குப் பிறகு ஆழமாகத் தண்ணீர் நிற்கும் கிணறு கிடைத்தால் போதும். நுரைத் துண்டோடு ஈயம் கட்டி, இரண்டும் சேர்ந்து 200 கிராம் அளவுக்கு மூழ்கும்படி செய்யுங்கள். மெல்லிய நைலான் நரம்பில் தொங்கவிட்டு, தண்ணீருக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும்போது தராசைப் படியுங்கள். பிறகு எட்டு மீட்டருக்கு இறக்கி மறுபடி படியுங்கள். எண் எவ்வளவு கூடியதோ, நுரை அவ்வளவு தூக்குவிசையை இழந்திருக்கிறது. எட்டு மீட்டரிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அந்த நுரையை ஆழமான டைவுக்கு எடுக்காதீர்கள். பி.வி.சி. மிதவைக்கும் இதே கிணறு உதவும். ஈயம் கட்டி அடியில் இறக்கி ஒரு இரவு விட்டு, மறுநாள் துடைத்து எடை போடுங்கள். தராசின் பிழையைத் தாண்டி எடை கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதைத் தூக்கிப் போடுங்கள். இதெல்லாம் மேலே நின்றுகொண்டு கயிற்றால் செய்யும் வேலை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் பல. துணைக்கு ஒருவர் இல்லாமல் விளிம்பில் நிற்காதீர்கள். யாரும் உள்ளே இறங்கவும் வேண்டாம்.

தெர்மகோல் எந்த வகையிலும் ஆகாது. ஆழத்தில் நசுங்கும், உதிரும், உதிர்ந்த மணிகளைக் கடலில் எந்தக் காலத்திலும் திரும்பப் பொறுக்க முடியாது. ஆக்‌ஷன் கேமராவுக்கு விற்கும் மிதக்கும் கைப்பிடியும் டைவிங்குக்கு அல்ல. அது மேல்மட்டத்தில் நீந்துகிறவர்களுக்கு.

மூக்கு சாய்வது

மொத்த எடை சரியாக இருந்தும் கேமரா கையைத் திருகும். எடை ஒரு பக்கமும் மிதப்பு இன்னொரு பக்கமும் இருப்பதுதான் காரணம். அலுமினிய மேக்ரோ போர்ட் முன்னால் கனத்து மூக்கைக் கீழே இறக்கும். முன்னால் கனமான வெட் லென்ஸ் (போர்ட்டுக்கு வெளியே மாட்டும் கூடுதல் லென்ஸ்) திருகினால் இன்னும் மோசம். பெரிய அக்ரிலிக் டோம் போர்ட் (அரைக்கோள வடிவ ஜன்னல்) இதற்கு நேர் எதிர்: உள்ளே நிறையக் காற்று, சுவர் இலேசு, மூக்கு மேலே எழும்பும். கண்ணாடி டோம் அவ்வளவாக எழும்பாது. முழு செட்டின் கனத்தைவிட இந்தத் திருகல்தான் மணிக்கட்டை அதிகம் வலிக்கச் செய்யும். கனத்தைச் சரிசெய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள்.

சோதிப்பது எளிது. இரண்டு கைப்பிடிகளிலும் கயிற்று வளையம் போட்டு ட்ரம்முக்குள் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எந்தக் கோட்டில் பிடிக்கிறதோ அந்தக் கோட்டிலேயே செட் ஊசலாடும். மூக்கு இறங்கினால், போர்ட்டின் கழுத்தில் தராசுக் கொக்கியை மாட்டி, செட் மட்டமாகும்வரை நேர்மேலே தூக்கி எண்ணைப் படியுங்கள். 180 கிராம் என்றால் அந்தக் கழுத்தில் 180 கிராம் மிதவை வேண்டும். மொத்தக் கணக்கில் சேர்க்கவிருந்த மிதவையில் ஒரு பகுதியை அங்கே நகர்த்தினால் போதும்; புதிதாக வாங்க வேண்டியதில்லை. கெட்டி ஈ.வி.ஏ.வை வளையமாக வெட்டிக் கழுத்தில் பொருத்தினால் அழகாக உட்காரும். போர்ட்டைக் கழற்றும் பூட்டையும் ஃபோகஸ் பட்டனையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கு எழும்பினால் ட்ரேயின் முன்விளிம்பில் ஈயம் கட்டுங்கள். டயர் கடைகளில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் 5, 10 கிராம் துண்டுகள் இதற்கு மிகத் தோது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் எந்தக் கடையிலும் கேட்டால் தருவார்கள். இரண்டு எச்சரிக்கை. இப்போது வருவதில் பல இரும்பு. உப்புநீரில் துருப்பிடிக்கும், அலுமினியத்தோடு நேராக ஒட்டினால் அலுமினியத்தையும் அரிக்கும். காந்தம் ஒட்டாததாகப் பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள ஒட்டுப்பசையும் கடலில் நிற்காது. ஹீட் ஷ்ரிங்க் குழாயில் போட்டு கேபிள் டையால் கட்டுங்கள். தூண்டில் கடை ஈயக்குண்டும் இதே வேலையைச் செய்யும்.

மிதவை கேமராவுக்கு மேலே, ஸ்ட்ரோப் கைகளில் உயரமாக இருந்தால் செட் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். வீடியோவுக்கு அது வரம். நெட்டுக்குத்தாகப் படம் எடுக்கத் திருப்பினால் அதே மிதவை எதிர்த்து இழுக்கும். நிழற்படம் அதிகம் எடுப்பவர்கள் மிதவையை ஹவுசிங்குக்கு அருகில், உட்பக்கக் கைகளில் வைப்பதே மேல். இடது வலது இரண்டும் சமமாக இருக்கட்டும்.

உங்கள் உடம்பில் கட்டும் ஈயம்

கேமராவின் மிதப்பும் உங்கள் மிதப்பும் தனித்தனியாகச் சரியாக இருக்க வேண்டும். ஒரு கிலோ கனமான செட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெல்ட் ஈயத்தை முடிவுசெய்தால், அதைத் துணைவரிடம் கொடுத்த நொடியில் நீங்கள் ஒரு கிலோ மிதப்பீர்கள். ஈயத்தின் அளவைக் கேமரா இல்லாமல் சோதியுங்கள்: சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கும்போது, 5 மீட்டரில், பி.சி.டி.யில் (காற்று ஏற்றி மிதப்பைக் கட்டுப்படுத்தும் டைவிங் சட்டை) காற்று ஏறக்குறைய இல்லாமல் நிற்க முடிய வேண்டும். சாதாரண 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் டைவ் முடிவதற்குள் இரண்டு கிலோ அளவுக்குக் காற்று தீர்ந்திருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்தவர் முடிவில் மிதப்பது அதனால்தான்.

படம் அசையாமல் இருக்க மூச்சைப் பிடிக்கும் பழக்கம் படமெடுப்பவர்களிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மூச்சை அடக்கியபடி ஒரு மீட்டர் மேலே போனாலும் நுரையீரல் காற்று விரியும். மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே ஷட்டரை அழுத்துங்கள்.

கடலில்

கேமராவோடு படகிலிருந்து குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு படகுக்காரர் ட்ரேயைப் பிடித்து இறக்கித் தரட்டும். ஸ்ட்ரோப் கையையோ மிதவையையோ பிடித்துத் தூக்கினால் கிளாம்ப் கழன்றுவிடும். வாங்கியதும் லேன்யார்டின் (கேமராவைக் கட்டும் பாதுகாப்புக் கயிறு) போல்ட் ஸ்நாப் கொக்கியை பி.சி.டி. வளையத்தில் மாட்டுங்கள்.

இறங்கி 5 மீட்டரில் நின்று, குமிழிகளை உதிர்த்து, லேன்யார்டு மாட்டியபடியே செட்டை உள்ளங்கையிலிருந்து விடுங்கள். மெல்ல, மட்டமாக இறங்க வேண்டும். விழுகிற மாதிரி இறங்கினால் கனம் அதிகம். நின்றாலோ ஏறினாலோ ஈயம் சேர்க்க வேண்டும். தண்ணீருக்குள் ஈயம் சேர்க்கலாம், மிதவை சேர்க்க முடியாது. ஆகவே வீட்டிலிருந்து வரும்போதே இலக்கைவிட 50 கிராம் கூடுதல் மிதப்போடு வைத்து, 25 கிராம் ஈயத் துண்டுகள் நாலைந்தை கிளிப்போடு பாக்கெட்டில் எடுத்து வாருங்கள்.

ஆழம் போகப் போக செட் கனத்துக்கொண்டே போனால் முதல் சந்தேகம் நுரை. மேலே வந்தால் கனம் பழையபடி குறையும், அதுவே அடையாளம். ஹவுசிங் கெட்டியானது, ஆழத்தால் அதன் கொள்ளளவு மாறாது. மாறாத செட் திடீரென்று கனத்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால், தண்ணீர் புகுந்திருக்கிறது. மிதவையா ஹவுசிங்கா என்று உடனே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வு என்றால் பெரும்பாலும் அந்தப் பக்க மிதவை. ஹவுசிங்குக்குள் தண்ணீர் தெரிந்தாலோ ஈர அலாரம் அடித்தாலோ, போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தண்ணீர் போர்ட்டில் தேங்கிக் கேமராவின் உடலுக்குச் சேதம் குறையும். கேமராவைக் காப்பாற்ற வேகமாக ஏற வேண்டாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றே வாருங்கள். போன கேமராவை வாங்கிக்கொள்ளலாம்.

நீரோட்டம் உள்ள நாளில் பருத்த மிதவைகள் தண்ணீரை எதிர்த்து இழுக்கும். மிதப்பு சரியாக இருந்தும் கை களைத்தால் காரணம் அதுதான். ஸ்ட்ரோப் கைகளை மடக்கி, செட்டை உடம்போடு ஒட்டிப் பிடித்து நீந்துங்கள். குட்டையான பருத்த மிதவையைவிட நீளமான ஒல்லி மிதவை அந்த நாட்களில் நல்லது.

கரைக்கு வந்ததும் உப்பு காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பட்டன்களை அழுத்தி அலசுங்கள். வேலூர் திரும்பிய மறுநாள் மிதவைகள் நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் எடை போட்டு, அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஈ.வி.ஏ. துண்டுகளை ட்ரம்மில் மீண்டும் சோதியுங்கள். அடிக்கடி ஆழம் போன நுரை மெல்ல மெல்லத் தட்டையாகித் தூக்குவிசையை இழக்கும், திரும்ப உப்பாது. ட்ரம் எண் 320 இருக்க வேண்டிய செட் 380 காட்டினால் நுரையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.